அச்சமும் யகீனும்

முஃமினானவன் அல்லாஹ்வுக்கு மட்டுமே அஞ்சுவான், வேறெதற்கும் அஞ்சமாட்டான் என்று மிம்பரில் ஏறும் ஆலிம்கள் அனைவரும் சொல்கிறோம். நாமும் சொல்லியிருக்கிறோம், இனியும் சொல்வோம். அது சத்தியமான வார்த்தை. ஆயினும் சத்தியமான வார்த்தையையும் இடமறியாமல் எடுத்து வீசினால் அது காயப்படுத்தவே செய்யும். பாம்பைக் கண்டு பதறுகிறவர், இருட்டில் தனியே படுக்க மாட்டாத பெண், உயரமான இடத்தில் நின்றால் கால் நடுங்குகிறவர், இவர்களெல்லாம் ஈமானில் குறைந்தவர்களா? இது கிதாபுக்குள் கிடக்கும் மஸ்அலா மட்டுமன்று. நம் வீடுகளில் பிள்ளைகளை அதட்டும்போதும், ஒருவரையொருவர் கேலி செய்யும்போதும், இந்தக் கேள்விக்கு நாம் தெரிந்தோ தெரியாமலோ ஒரு தீர்ப்பை எழுதிவிடுகிறோம்.

பள்ளிவாசலின் மனாராவை அறியாதார் நம்மில் இல்லை. அரபு மொழியில் அச்சொல் ஒளி என்னும் பொருளுள்ள வேரிலிருந்து பிறந்தது. ஒளி வைக்கும் இடம் என்பது அதன் பொருள். கடலோரத்தில் கப்பல்களுக்கு வழிகாட்டும் விளக்குக் கோபுரத்துக்கும் அரபுகள் இதே சொல்லைத்தான் வழங்கினார்கள். ஒன்று பாங்கினால் அழைக்கிறது. மற்றொன்று சுடரால் எச்சரிக்கிறது. இரண்டிலும் யாரோ ஒருவர் படியேறிப் போக வேண்டியிருந்தது.

மாமல்லபுரத்தில் அப்படி ஒரு கலங்கரை விளக்கம் இருக்கிறது. பாறைக்குன்றின் மேல், கருங்கல்லால் வட்டமாகக் கட்டிய கோபுரம். உயரம் சுமார் 85 அடி. ஆங்கிலேயர் ஆட்சியில் எழுந்து, 1904 முதல் இயங்கி வருவது. அதற்கு முன் பக்கத்திலுள்ள பல்லவர் காலத்துக் கற்கோயிலின் உச்சியில் விளக்கு வைத்திருந்தார்கள். நண்பர் இருவருடைய குடும்பத்தாரோடு நாம் அங்கே சென்றிருந்தோம். ஊருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் சிற்பங்களைப் பார்க்கத்தான் வருகிறார்கள். நம் நாட்டம் விளக்கின்மீது இருந்தது. ஆனால் நமக்கோ உயரம் ஆகாது. மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரருகே போனாலே உள்ளங்கால் கூசும். பள்ளிவாசல் மனாராவுக்கு வெள்ளையடிக்கும் ஆட்களைக் கீழிருந்து பார்ப்பதற்கே நமக்கு நெஞ்சுரம் போதாது. இது சிறு வயது முதல் உள்ளது.

உள்ளே படிகள் சுழன்று சுழன்று மேலே போகின்றன. சுவரோரம் படி அகலம். உட்பக்கம் குறுகிக் கூராகிவிடும். இறங்குகிறவர்களுக்கு வழிவிட நாம் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அங்கங்கே உள்ள சிறு சாளரங்களின் வழியே ஒரு துண்டு வானமும் ஒரு துண்டு கடலும் தெரிந்து மறையும். பாதி வழியில் நண்பரின் பத்து வயது மகன் உட்கார்ந்துவிட்டான். கைகள் இரண்டும் படியைப் பற்றியிருந்தன.

"அத்தா, நான் இங்கேயே இருக்கேன். நீங்க போய்ட்டு வாங்க."

நண்பர் நல்ல மனிதர், தொழுகையாளி. பின்னால் ஏறிவந்தவர்கள் காத்து நின்றதில் அவருக்குக் கூச்சமாகிவிட்டது. "முஸ்லிம் பிள்ளை அல்லாஹ்வைத் தவிர வேறெதுக்கும் பயப்படலாமாடா? ஹஜ்ரத் பாக்குறாங்க, எந்திரி!" என்றார்.

சிறுவன் நம்மைப் பார்த்தான். நமக்கோ அந்நேரம் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நாமும் அவனருகே படியில் அமர்ந்தோம். "ஹஜ்ரத், உங்களுக்குமா பயம்?" என்று மெல்லக் கேட்டான். "ஆமாம் தம்பி, உன்னைவிட அதிகம்" என்றோம். அவன் முகத்தில் வந்த தெளிவை இன்னும் மறக்கவில்லை. அந்தப் பிள்ளையை வருத்தியது உயரம் மட்டுமல்ல. தன் நடுக்கம் தன் ஈமானுக்கு விரோதமான சாட்சியாகிவிட்டதோ என்ற திகில்தான் அவனைப் பெரிதும் வருத்தியது.

அந்தச் சாட்சி செல்லுமா? திருக்குர்ஆனைத் திறந்து பார்ப்போம். மூஸா (அலை) அவர்கள் தம் கைத்தடி பாம்பைப்போல் நெளிவதைக் கண்டு திரும்பிப் பாராமல் ஓடினார்கள். இதனை நம்லு, கஸஸ் ஆகிய இரு சூராக்களும் கூறுகின்றன. சூனியக்காரர்கள் கயிறுகளை எறிந்த மைதானத்தில் அவர்கள் உள்ளத்தில் அச்சம் தோன்றியதை தாஹா சூரா எடுத்துரைக்கிறது. அப்பொழுது அவர்கள் நுபுவ்வத் பெற்று, அற்புதங்களும் அளிக்கப்பட்ட நபி. அல்லாஹ் தஆலா அவர்களைக் கடிந்து கொண்டானா? இல்லை. அஞ்ச வேண்டாமென்று தேற்றினான். அவர்களே மேலோங்கியவர் என்று உறுதி கூறினான். இப்ராஹீம் (அலை) அவர்கள், தாம் வைத்த உணவைத் தொடாத விருந்தினரைக் கண்டு அச்சம் கொண்டார்கள். யஃகூப் (அலை) அவர்கள் மகனை ஓநாய் தின்றுவிடுமோ என்று அஞ்சினார்கள். ஹிரா குகையில் முதல் வஹீ இறங்கியதும் நம் பெருமானார் (ஸல்) அவர்கள் நெஞ்சம் நடுங்க வீடு திரும்பி, தம்மைப் போர்த்துமாறு கூறினார்கள். அன்னை கதீஜா (ரலி) அவர்கள் போர்த்தினார்கள். பிறகு ஆறுதல் சொன்னார்கள். நம் நண்பர் மகனிடம் கேட்ட கேள்வியை அன்னையவர்கள் கேட்கவில்லை.

இத்தகைய அச்சத்தை உலமாப் பெருமக்கள் இயற்கை அச்சம் என்று வகுத்து, அதன்மேல் குற்றமில்லை என்று முடிவு செய்துள்ளார்கள். பசியும் தூக்கமும் எப்படியோ அப்படி. ஆயினும் சிலருக்கு மனம் ஆறாது. 'குற்றமில்லை என்பது சரி. அல்லாஹ்வின் நாட்டமின்றி ஓர் இலையும் உதிராது என்று உறுதியாக நம்புகிற எனக்கு, கல்லால் கட்டிய சுவருக்குள் நிற்கும்போதும் ஏன் கால் நடுங்க வேண்டும்? அப்படியானால் என் யகீன் வாயளவில் உள்ளதுதானா?' என்பார்கள். இது தட்டிக்கழிக்கத் தக்க கேள்வியன்று. இதற்கு விடை தேட, இன்னொரு மனாராவின் வாசலுக்குப் போக வேண்டும்.

எகிப்தின் இஸ்கந்தரிய்யா நகரில், பண்டை உலகின் அதிசயங்களில் ஒன்றான கலங்கரை விளக்கம் நின்றிருந்தது. அந்தலூஸிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட இப்னு ஜுபைர் (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 578 துல்ஹஜ் மாதம், அதாவது கி.பி. 1183-ல், அதன்மீது ஏறினார்கள். அதன் உச்சியில் ஒரு பள்ளிவாசல் இருந்ததையும், மக்கள் அங்கே பரக்கத்தை நாடித் தொழுததையும், தாமும் தொழுததையும் தம் பயண நூலில் குறித்துள்ளார்கள். பிறகு 1326-ல் இப்னு பதூதா வந்தபோது அதன் ஒரு பக்கம் இடிந்திருந்தது. அதன் வாசல் தரையில் இல்லை, உயரத்தில் இருந்தது. வாசலுக்கு எதிரே அதே உயரத்தில் ஒரு கட்டடம். இரண்டுக்கும் நடுவே மரப்பலகைகளைப் போட்டிருந்தார்கள். அவற்றின் மேல் நடந்துதான் உள்ளே போக வேண்டும். பலகைகளை எடுத்துவிட்டால் வழியில்லை. 1349-ல் அவர் திரும்பி வந்தபோது வாசல்வரை ஏறவும் முடியாதபடி அது சிதைந்து போயிருந்தது. 1477-ல் அந்த இடத்தில் சுல்தான் காயித்பாய் கோட்டை கட்டத் தொடங்கினார். அது இன்றும் நிற்கிறது.

அந்தப் பலகையைச் சிறிது நினைத்துப் பாருங்கள். அதே பலகை நம் வீட்டு முற்றத்தில் கிடந்தால், பேசிக்கொண்டே அதன்மேல் நடந்து போவோம். இரண்டு சுவர்களுக்கு நடுவே அந்தரத்தில் வைத்தால்? இப்னு ஸீனா இந்த உதாரணத்தைத்தான் எடுத்துப் பேசினார். பலகையின் அகலம் குறையவில்லை. நடக்கிறவரின் காலும் மாறவில்லை. விழுவதாக மனம் ஒரு படத்தை வரைகிறது. அந்தப் படத்துக்கு உடல் கட்டுப்பட்டு விடுகிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் தம் தஹாஃபுத் நூலில் இவ்வுதாரணத்தை எடுத்தாள்கிறார்கள். இப்னு ஸீனாவின் கொள்கைகள் பலவற்றை மறுக்க எழுந்த நூல் அது என்பதையும் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும்.

இஹ்யாவில் தவக்குலைப் பற்றிய பகுதியில் இமாமவர்கள் இன்னும் ஆழமாகப் போகிறார்கள். ஒரு மனிதரை மய்யித்தோடு ஒரே அறையில் இரவைக் கழிக்கச் சொன்னால் மாட்டேன் என்பார். அந்த உடல் எழுந்து வராது, கல்லைப் போன்றது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. கல்லோடு தங்க அவருக்குப் பயமும் இல்லை. ஆயினும் மய்யித்தோடு தங்க மனம் ஒப்பாது. அறிவில் உறுதி இருக்கிறது. உள்ளம் அதனோடு ஒத்துவரவில்லை. ஆகவே யகீன் வேறு, உள்ளத்தின் அமைதி வேறு என்று இமாமவர்கள் பிரித்துக் காட்டுகிறார்கள். உள்ளத்தின் இந்தப் பலவீனம் அறவே இல்லாத மனிதர் குறைவு என்றும் ஒப்புக்கொள்கிறார்கள். இதற்குச் சான்று எது? நபி இப்ராஹீம் (அலை) அவர்கள். மரித்தோரை எவ்வாறு உயிர்ப்பிக்கிறாய் என்பதைக் காட்டுமாறு அவர்கள் அல்லாஹ்விடம் கேட்டார்கள். நம்பவில்லையா என்று வினவப்பட்டபோது, நம்புகிறேன், எனினும் உள்ளம் அமைதி பெறுவதற்காக என்றார்கள். கலீலுல்லாஹ்விடமே யகீனும் அமைதியும் இரண்டாக நின்றன என்றால், படியில் உட்கார்ந்த பத்து வயதுப் பிள்ளையிடம் அவை ஒன்றாக நிற்க வேண்டுமென்று நாம் கேட்கலாமா?

இக்கால ஆய்வாளர்களும் இதே இடத்துக்குத்தான் வருகிறார்கள். நாம் நேராக நிற்பதற்குக் காதினுள் இருக்கும் உறுப்பும், தசைகளும், கண்ணும் கூடி உழைக்கின்றன. அருகிலுள்ள சுவரையோ மரத்தையோ பார்த்துக் கண் உடலின் ஆட்டத்தைத் திருத்துகிறது. உயரத்தில் நின்று வெட்டவெளியைப் பார்க்கும்போது அந்தப் பிடிமானம் கண்ணுக்குக் கிடைப்பதில்லை. 1960-ல் எலினர் கிப்சன், ரிச்சர்டு வாக் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள், தவழும் பருவத்துக் குழந்தைகள் 36 பேரைக் கொண்டு செய்த சோதனையை வெளியிட்டார்கள். கண்ணாடிப் பரப்பின் ஒரு பாதிக்கு அடியில் பள்ளம் தெரியும். தாய் அழைத்தும், அந்தப் பக்கம் துணிந்து தவழ்ந்த குழந்தைகள் மூவர்தான். பள்ளத்தைக் கண்டால் பின்வாங்கும் இந்தக் குணம், பேச்சு வருமுன்பே வல்ல நாயன் நம்முள் வைத்த காவல். சிலரிடம் அந்தக் காவலாளி அளவுக்கு மீறிக் கூச்சலிடுகிறான், அவ்வளவே.

நம் மார்க்கமோ இந்தக் காவலாளியை அலட்சியம் செய்யச் சொல்லவில்லை. கைப்பிடிச் சுவரில்லாத மொட்டை மாடியில் இரவு உறங்குகிறவரின் பாதுகாப்புப் பொறுப்பு நீங்கிவிட்டது என்ற கருத்தில் அபூதாவூதில் ஹதீஸ் வந்திருக்கிறது. ஒட்டகையைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி பணித்த ஹதீஸை அறியாத முஸ்லிம் வீடு இல்லை. நம் ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹு கிதாபுகளைப் புரட்டுங்கள். கடமையான தொழுகையில் நிற்பது ருகுன். சக்தியுள்ளவர் அதை விட்டால் தொழுகை கூடாது. அப்படியிருந்தும், கப்பலில் பயணம் செய்கிறவர் நின்றால் தலை சுற்றும் என்றோ கடலில் விழுந்து விடுவோம் என்றோ அஞ்சினால் உட்கார்ந்து தொழலாம் என்று ஃபுகஹாக்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். கடற்கரை ஊர்களில் கப்பலேறிப் பிழைத்த நம் முன்னோர்களுக்கு இந்தச் சட்டம் எவ்வளவு பயன்பட்டிருக்கும்! தலைச்சுற்றலை ஒரு தங்கடமாக ஏற்றுக்கொண்ட மார்க்கத்தின் பெயரால், தலைச்சுற்றல் உள்ளவரை ஈமானில்லாதவர் என்பது எங்ஙனம் பொருந்தும்?

இன்னொன்றும் உண்டு. நாயகம் (ஸல்) அவர்கள் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடிய துஆ ஒன்றை அபுல் யஸர் (ரலி) அவர்கள் அறிவிக்க, அபூதாவூதும் நஸாயீயும் பதிந்துள்ளார்கள். கட்டடம் இடிந்து விழுவது, நீரில் மூழ்குவது, தீயில் கருகுவது ஆகியவற்றோடு, உயரத்திலிருந்து விழுவதிலிருந்தும் அவர்கள் காவல் தேடினார்கள். அரபியில் அதற்கு 'தரத்தீ' என்ற சொல் வருகிறது. உயரத்துக்கு அஞ்சுகிறவரின் அச்சத்துக்கு அந்தத் துஆவில் ஓர் இடம் கிடைத்திருக்கிறது. நம் நண்பர் மகனிடம் இதைச் சொன்னோம். "நபி அவங்களும் இதைக் கேட்டிருக்காங்களா?" என்று இரண்டு தடவை கேட்டான்.

பிறகு அவனே எழுந்தான். ஏறும்போது 'அல்லாஹு அக்பர்', இறங்கும்போது 'சுப்ஹானல்லாஹ்' என்று சொல்வது ஸஹாபாக்களின் வழக்கமென்று ஜாபிர் (ரலி) அவர்கள் கூறியது புகாரியில் உள்ளது. படிக்கொரு தக்பீராக இருவரும் ஏறினோம். கடைசிச் சாளரம் வரை வந்தவன், "எனக்கு இது போதும் ஹஜ்ரத்" என்று நின்றுகொண்டான். போதும்தான். நாம் குனிந்து சிறு வாசலைக் கடந்து வெளி மாடத்துக்குப் போனோம். காற்று ஜிப்பாவைப் பிடித்து இழுத்தது. முதுகைச் சுவரில் அழுத்திக்கொண்டு, கீழே பாராமல், கடல் வானத்தைத் தொடும் கோட்டை மட்டும் பார்த்து நின்றோம். நடுக்கம் நிற்கவில்லை. ஆனால் சற்று நேரத்தில், நடுக்கத்தோடேயே பார்க்கவும் முடிகிறது என்று தெரிந்தது. கரைக்கோயிலின் பின்னே அலை வெள்ளையாக உடைந்தது. மீன்பிடிப் படகுகள் சிறு புள்ளிகளாகத் தெரிந்தன.

அங்கே ஓர் இளைஞர் கம்பியின் மேல் பாதி உடலை வெளியே சாய்த்துக் கைபேசியில் தம்மைத் தாமே படம் பிடித்துக்கொண்டிருந்தார். அவரோடு வந்தவர்கள் தைரியசாலி என்று மெச்சினார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. உயிர் அமானிதம். கடமையோ தேவையோ இல்லாத இடத்தில் அதைப் பந்தயம் வைப்பதற்கு மார்க்கத்தில் பாராட்டில்லை. பெருமானார் (ஸல்) அவர்கள் கோழைத்தனத்தை விட்டும் அல்லாஹ்விடம் காவல் தேடினார்கள் என்பது மெய். ஆனால் கோழைத்தனம் என்பது நடுக்கமன்று. செய்ய வேண்டியதை நடுக்கத்தின் பொருட்டு விட்டுவிடுவதே கோழைத்தனம்.

அப்படியானால், அல்லாஹ்வையன்றி எவருக்கும் அஞ்சாதே என்ற கட்டளை எங்கே பொருந்துகிறது? ஆலு இம்ரான் சூராவில் அது வந்த சந்தர்ப்பத்தைப் பாருங்கள். உஹதில் அடிபட்டு, புண் ஆறாத நிலையில் ஸஹாபாக்கள் மீண்டும் புறப்பட வேண்டியிருந்தது. எதிரிகள் பெருந்திரளாகக் கூடிவிட்டார்கள் என்று சொல்லி அவர்களைத் தடுத்து நிறுத்தப் பார்த்தார்கள். ஷைத்தான் தன் கூட்டாளிகளைக் கொண்டு அச்சுறுத்துகிறான், அவர்களுக்கு அஞ்ச வேண்டாம் என்று அங்கே இறங்கிற்று. மனிதர்களுக்கு அஞ்சிக் கடமையை விடுவதுதான் அங்கே பேசப்படும் அச்சம்.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு நம் ஊர்களுக்குள் வாருங்கள். கலங்கரை விளக்கத்தில் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறும் வாலிபர், நிக்காஹ் பேச்சு வரும்போது, "கைக்கூலி வேண்டாம் என்று சொல்ல எனக்கும் ஆசைதான், அம்மா என்ன சொல்வாரோ, மாமா என்ன நினைப்பாரோ" என்று தலைகுனிந்து நிற்கிறார். பெண் வீட்டார் கடன்பட்டு நகை சேர்க்கிறார்கள். ஜமாஅத்தில் வக்ஃபு கணக்கைக் கேட்க வேண்டிய இடத்தில், செல்வாக்குள்ளவர் முகம் சுளிப்பாரே என்று பத்துப் பேர் வாய்மூடி அமர்ந்திருக்கிறார்கள். சொத்தில் சகோதரிக்குரிய பங்கைக் கொடுக்க நினைப்பவரை, ஊர் சிரிக்கும் என்ற பயம் தடுக்கிறது. இவர்கள் எவருக்கும் கால் நடுங்குவதில்லை, முதுகு வேர்ப்பதில்லை. பார்ப்பவர்கள் இதை அச்சமென்று கூடச் சொல்வதில்லை, அனுசரிப்பு என்கிறார்கள். திருக்குர்ஆன் கண்டித்த அச்சம் இங்கே விருந்தும் பந்தலுமாக நடமாடுகிறது. அல்லாஹ் கண்டிக்காத அச்சத்துக்காக ஒரு சிறுவன் படிக்கட்டில் அவமானப்படுகிறான்! நம் மிம்பர்களிலிருந்து அந்தச் சொல் போய்ச் சேர வேண்டிய முகவரி எது என்று ஆலிம்களாகிய நாமும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இயற்கை அச்சத்தை அப்படியே விட்டுவிட வேண்டும் என்பது நம் கருத்தன்று. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கலாம். இன்று முதல் மாடி, சில நாள் கழித்து இரண்டாம் மாடி என்று பழகினால் பலருக்கு அது குறைகிறது. மருத்துவர்களும் இவ்வழியையே கையாளுகிறார்கள். குறையாதவர் மீதும் பழி இல்லை. வேலை நிமித்தம் உயரம் ஏற வேண்டியவருக்கு, அவருடைய ஹலாலான வருமானம் அதில் இருப்பதால், பழகிக்கொள்வது அவசியமாகலாம். நம்மைப் போன்றவருக்கு அது வெறும் ஆசை.

இதை எழுதக் காரணமான மற்றொன்றையும் சொல்லிவிடுகிறோம். ஹஜ்ஜுக்குப் போகும் தாய்மார்களும் முதியவர்களும் சிலர், உயரம் ஏற முடியாததால் தம் ஹஜ்ஜு குறைந்துவிடுமோ என்று கலங்குகிறார்கள். அரஃபாத் முழுவதும் தங்குமிடம் என்பது நபிமொழி. ஜபலுர் ரஹ்மத் மலைமீது ஏறினால்தான் சிறப்பு என்று பொதுமக்கள் எண்ணுவதற்கு ஆதாரமில்லை என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எழுதியுள்ளார்கள். ஹிரா குகைக்கும் தவ்ர் குகைக்கும் ஏறுவது ஹஜ்ஜின் கிரியைகளில் சேராது. ஸஃபா, மர்வா குன்றுகளின் மேல் ஏறுவது ஷாஃபிஈ மத்ஹபில் ஆண்களுக்கு ஸுன்னத். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் முழுவதையும் நடந்து முடித்தால் ஸஃயு நிறைவேறிவிடும். தவாஃபை மேல் தளங்களில் செய்ய மனம் பதறுகிறவர் கீழே மதாஃபில் நெரிசல் குறைந்த வேளையைப் பார்த்துக்கொள்ளலாம். மினாவில் கல்லெறியும் பாலம் பல தளங்கள் கொண்டது. தரைத் தளத்திலும் எறியலாம். எனவே உயரம் ஆகாதவர்கள் புறப்படுமுன்பே தங்கள் குழுத் தலைவரிடம் இதைக் கூச்சமின்றிச் சொல்லிவைப்பது நல்லது. எந்தத் தளத்துக்கு அழைத்துச் செல்வது என்று அவர் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வார்.